பாட்டி சொன்னது பொய்யா? ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் முதல் வரலாற்று ஆய்வு



தொடக்கப்பள்ளியில் வரலாற்றுச் செயல்திட்டம் என்றால் என்ன நடக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆசிரியர் ஒரு தலைப்பைக் கொடுக்கிறார். மாணவன் அதை வீட்டுக்குக் கொண்டு செல்கிறான். அம்மா இணையத்தில் தேடுகிறார். அப்பா வண்ணத்தில் அச்செடுத்து வருகிறார். அக்காள் படங்களை வெட்டி ஒட்டுகிறாள். மறுவாரம் பளபளக்கும் கோப்பு ஒன்று ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர்கிறது. பரமேசுவரா மலாக்காவைத் தோற்றுவித்த கதை அதில் பிழையின்றி இருக்கும். ஆனால் அந்த மாணவனிடம், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "இன்டர்நெட்ல இருந்துச்சு டீச்சர்" என்பதற்கு மேல் அவனிடம் விடை இராது.

"எப்படித் தெரியும்?" என்ற அந்தக் கேள்விதான் வரலாற்றுப் பாடத்தின் உயிர் என்பது என் எண்ணம். அதைப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா? முடியும் என்பதற்கு எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 24 பேர் செய்த ஓர் ஆய்வைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குறிப்பாக, அக்கேள்வியை வயதில் மூத்த ஒருவரிடம் கேட்க நேர்ந்தபோது என்ன நடந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வரலாறு தனிப்பாடமாக நான்காம் ஆண்டிலிருந்து கற்பிக்கப்பட்டு வருகிறது. மலாக்கா சுல்தானகத்துக்குப் போகும் முன்பே, தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் வாழிடத்தைப் பற்றியும் மாணவன் அறிய வேண்டும் என்று கலைத்திட்டம் வகுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆயினும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், அதில் இடம்பெறாத பாடத்துக்கு நேரம் ஒதுக்குவது அரிதாக இருந்தது. 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஓரளவு இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம்.

எங்கள் பள்ளி சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் பிறந்த பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இன்று சுற்றிலும் அடுக்கு வீடுகளும் கடைவீதியும் இருக்கின்றன. மாணவர்களில் ஒருவர்கூடப் பால்மரம் சீவுவதைக் கண்ணால் கண்டதில்லை. "எங்கள் தோட்டமும் எங்கள் பள்ளியும்" என்பதே பொதுத் தலைப்பு. ஆனால் தலைப்பு வேறு, கேள்வி வேறு. தலைப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் படியெடுப்பார்கள். கேள்வியைக் கொடுத்தால் தேடுவார்கள். ஆகவே ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு சிறிய கேள்வியைத் தானே உருவாக்க வேண்டும் என்றேன். "மலேசிய இந்தியர் எப்போது வந்தனர்?" என்று ஒரு குழு எழுதியது. அதற்கு விடை நூல்களில் இருக்கிறது. உங்கள் தேடலுக்கு வேலை இல்லை என்று சொல்லித் திருப்பினேன். மறுநாள் அதே குழு, "ஜப்பானியர் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள்?" என்ற கேள்வியுடன் வந்தது. அதை உடனே ஏற்றுக்கொண்டேன்.

ஆய்வுக்கு அனுப்பும் முன் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. செலவில்லாத பயிற்சி, எந்தப் பள்ளியிலும் செய்யலாம். ஒரு வெள்ளிக்கிழமை, "திங்கட்கிழமை சபைகூடலில் என்ன நடந்தது? யாரோடும் பேசாமல் ஐந்து வரி எழுதுங்கள்" என்றேன். தலைமையாசிரியர் தூய்மையைப் பற்றிப் பேசினார் என்று பாதிப் பேரும், விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசினார் என்று மீதிப் பேரும் எழுதியிருந்தனர். ஒரு மைனா மண்டபத்துக்குள் பறந்து வந்ததை மட்டும் ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருந்தனர். அன்று பள்ளிக்கே வராத மாணவி ஒருத்தியும் ஐந்து வரிகளை நிரப்பியிருந்தாள். "கூட்டாளி சொன்னா டீச்சர்" என்றாள்.

பிறகு அந்த வாரத்துக் கடமையாசிரியரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டினேன். தலைமையாசிரியர் இரண்டைப் பற்றியும் பேசியிருக்கிறார். ஆனால் மைனாவைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. "அப்படியென்றால் மைனா வரவில்லையா?" என்று கேட்டேன். "வந்துச்சு டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

அன்றே ஒவ்வொருவரின் குறிப்பேட்டிலும் மூன்று பத்திகளைக் கோடிட்டோம். முதற்பத்தி, சொன்னவர் தாமே கண்டது. இரண்டாம் பத்தி, சொன்னவர் பிறரிடம் கேட்டது. மூன்றாம் பத்தி, எழுத்தில் இருப்பது. பாடநூல் முதல்நிலைச் சான்று என்றும் இரண்டாம்நிலைச் சான்று என்றும் சொல்வதைப் பிள்ளைகள் இப்படிப் பயிற்சியின் வழியாகவே புரிந்துகொண்டனர். கண்டவர் சிலவற்றை மறப்பார். கேட்டவர் கேட்டதையே கண்டதுபோல் சொல்வார். எழுத்து எல்லாவற்றையும் எழுதிவிடாது. இம்மூன்றையும் மைனா ஒன்றே கற்பித்துவிட்டது.

குழுக்கள் வேலையைத் தொடங்கின. ஒரு குழு பழைய பொருள்களைத் தேடியது. பால் வெட்டும் உளி, பால் வடியும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டா ஆகியவை சிலர் வீட்டுக் கொல்லைகளிலிருந்து வந்து சேர்ந்தன. ஒரு மங்கில் பூச்செடி வளர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு குழு பள்ளி எப்போது தொடங்கியது என்று தேடியது. பெயர்ப்பலகையில் 1938 என்று இருக்கிறது. ஆனால் கைவசமுள்ள மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடு 1946இல்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட 8 ஆண்டுகளுக்குக் காகிதம் எதுவும் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்திருந்தது. ஆகவே 1938இல் பள்ளி இருந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் வாய்ப்பு வேறு, சான்று வேறு. அக்குழு தன் அறிக்கையில், "1946இல் பள்ளி இருந்தது உறுதி. 1938 என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியது. பெயர்ப்பலகையைச் சந்தேகிக்கலாமா என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். தலைமையாசிரியர் அவ்வரியைப் படித்துவிட்டு, "நாமும் சேர்ந்து தேடலாமே" என்றார். அத்துடன் அது முடிந்தது.

ஜப்பானியர் காலத்து உணவைத் தேடிய குழுவில் ஒரு மாணவன். அவன் வீட்டில் அவனுடைய தந்தையின் பாட்டி இருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரிய பாட்டி. எண்பது வயதைக் கடந்தவர், காது சற்று மந்தம், நினைவு தெளிவு. முதல் நேர்காணலை முடித்து வந்த மாணவன் மிக்க மகிழ்ச்சியோடு குறிப்பேட்டைக் காட்டினான். மரவள்ளிக்கிழங்கு, கீரை, எப்போதாவது ஒரு கைப்பிடி அரிசிக் கஞ்சி. உடுத்தத் துணியின்றிக் கோணிச்சாக்கைத் தைத்துப் போட்டது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு. எல்லாம் நூல்களில் நாம் படிப்பவற்றோடு ஒத்துப்போயின. "கண்டது" என்ற பத்தியின் கீழே பாட்டியின் சொற்களை அப்படியே எழுதியிருந்தான்:

"ஜப்பான்காரன் வந்தப்ப என் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு ரப்பர்க் காட்டுக்குள்ள ஓடினேன்."

மூன்றாம் பத்தியில் எழுதுவதற்காகப் பாட்டியின் மைகார்டையும் பார்த்து வந்திருந்தான். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பாட்டியின் எண் 40 என்று தொடங்கியது. ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கியது 8 டிசம்பர் 1941 என்று எங்கள் வகுப்புச் சுவரில் கட்டியிருந்த காலக்கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். பாட்டிக்கு அப்போது ஒன்றரை வயது. ஒன்றரை வயதுக் குழந்தை, தன்னிலும் சிறிய குழந்தையை இடுப்பில் சுமந்து ஓடுமா?

வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ பாட்டி பொய் சொல்றாங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாணவன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடி மேசைக்குள் வைத்துவிட்டான்.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்வது? இரண்டு எளிய வழிகள் உண்டு. "பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது" என்று முடித்துவிடலாம். நம் பண்பாட்டுக்கு அது ஒத்ததாகத் தோன்றும். ஆனால் வரலாறு அன்றே வகுப்பைவிட்டு வெளியேறிவிடும். அல்லது, "எழுத்தில் இருப்பதே உண்மை, பாட்டிக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லலாம். அது அறிவியல் முறைபோல் தோன்றும். ஆனால் ஒரு மூதாட்டியின் வாழ்க்கையை ஒரு பிளாஸ்டிக் அட்டை தள்ளுபடி செய்துவிடும். இரண்டுமே தவறான பாடங்கள்.

கரும்பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன்: "இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால், என்ன நடந்திருக்க வேண்டும்?"

பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கினார்கள். அட்டையில் உள்ள ஆண்டு தவறாக இருக்கலாம் என்றாள் ஒரு மாணவி. நியாயமான ஐயம். மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல்தான் தொடங்கியது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வீட்டார் கணித்துச் சொன்ன வயதே ஏட்டில் ஏறியது. "பெரிய வெள்ளம் வந்த வருடத்தில் பிறந்தவள்" என்பதுபோன்ற கணக்குகளை எழுத்தர் ஆண்டாக மாற்றி எழுதியிருப்பார். ஆகவே எழுத்தும் ஒருவர் சொல்லித்தான் எழுத்தாயிற்று என்று விளக்கினேன். மூன்றாம் பத்தியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதைக் கண்டு பிள்ளைகளுக்கு வியப்பு.

வேறொருவன், "தம்பிய தூக்கினது அவங்க அக்காவா இருக்கலாம். பாட்டி கேட்டத கண்டதா சொல்றாங்க" என்றான். அதுவும் நடக்கக்கூடியதே. மூன்றாவதாக ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், ஜப்பான்காரங்க மூணு வருஷம் எட்டு மாசம் இருந்தாங்கதானே? பாட்டி எந்த நாள சொல்றாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் மாணவன் மறுபடியும் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். போகும் முன் அவனிடம் ஒன்று சொன்னேன். பாட்டியைச் சோதிக்கப் போகாதே, தெரிந்துகொள்ளப் போ. "நீங்க சொன்னது தப்பு" என்று தொடங்காதே. "அன்னிக்கு என்ன நடந்துச்சு, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று தொடங்கு. சோர்ந்தால் நிறுத்திவிடு.

பாட்டியின் மறுமொழி எங்கள் ஆய்வையே புரட்டிப்போட்டது. "ஜப்பான்காரன் வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு பாட்டி?" என்று அவன் கேட்க, அவர் திருப்பிக் கேட்டாராம்: "எந்தத் தடவையக் கேக்குற? அவன் எத்தனையோ தடவ வந்தான்யா."

நமக்கு ஜப்பானியர் வந்தது ஒருமுறை. பாடநூலில் அதற்கு ஒரு தேதி உண்டு. லயத்து வீட்டில் இருந்த சிறுமிக்கோ, தோட்டத்துக்குள் லாரி நுழைந்த ஒவ்வொரு நாளும் ஜப்பான்காரன் வந்த நாள்தான். கோழி பிடிக்க வந்தான். அரிசி தேட வந்தான். ஆள் பிடிக்க வந்தான். "வந்தான்" என்ற ஒரே சொல் பாடநூலில் ஒரு பொருளிலும் பாட்டியின் வாயில் வேறொரு பொருளிலும் இருந்திருக்கிறது. பொய்யும் இல்லை, மறதியும் இல்லை. கேட்டவர்களாகிய நாம்தான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

ஆள் பிடிக்க வந்த தடவையில் பாட்டியின் அப்பா போனார். சயாமில் வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். அப்போது தம்பி தாயின் வயிற்றில் இருந்தான். அப்பா திரும்பவில்லை.

மாணவன் இதை வகுப்பில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரன் தானே எழுந்து போய்க் காலக்கயிற்றின் அருகில் நின்றான்.

சயாம்–பர்மா ரயில்பாதையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து 1943இல் பெருந்திரளாகத் தொழிலாளர்களைக் கொண்டு சென்றனர். அவர்களில் மிகப் பலர் தமிழர். ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு மதிப்பீடுகள் உண்டே தவிர முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை.

பிறகு பிள்ளைகள் அட்டைகளை நகர்த்தத் தொடங்கினர். அப்பா போனது 1943 என்றால், தம்பி பிறந்தது 1943இன் இறுதி அல்லது 1944இன் தொடக்கம். ஜப்பானியர் சரணடைந்தது 1945 ஆகஸ்டு. அதற்குச் சற்றுமுன் பாட்டிக்கு ஐந்து வயது. தம்பிக்கு ஒன்றரை வயது. தோட்டத்தில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துத் திரிந்தது ஊரறிந்த செய்தி. அடையாள அட்டையும் சரி, பாட்டியும் சரி.

"அப்போ உண்மைன்னு தெரிஞ்சிருச்சுதானே டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. பொருந்துகிறது என்று தெரிந்தது. மெய்ப்பித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "உன் காலணி என் மகளுக்கும் பொருந்தும். அதனால் அது அவளுடையது ஆகிவிடுமா?" என்றேன். அவள் தன் காலணியைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டில் "பொருந்துகிறது" என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

இவ்வளவு நேரமும் நான் வகுப்பறையைப் பற்றியே எழுதிவந்தேன். வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மறுவாரம் மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். கோபமாக வரவில்லை, கலங்கிப்போய் வந்தார். "டீச்சர், பாட்டி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறாங்க. இதெல்லாம் எதுக்கு டீச்சர்? பையனுக்கு மார்க் வேணும்னா நான் வேற ஏதாச்சும் செஞ்சு தரேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "தோட்டத்துக் கதைய விட்டு நாங்க வெளிய வந்துட்டோம்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னவை இரண்டு வேறு செய்திகள். முதலாவது, முதியவருக்கு நேரும் வலி. அதைப் பொருட்படுத்தாத ஆய்வு ஆய்வே ஆகாது. பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கேள்விகளைக் கொடுத்து அனுப்பும்போது அவை எங்கே போய்த் தைக்கும் என்பதை ஆசிரியர் எண்ணிப்பார்த்தே ஆக வேண்டும். ஆய்வை உடனே நிறுத்தலாம், இதுவரை எழுதியதே போதும், மதிப்பீட்டில் எந்தக் குறையும் வராது என்று உறுதியளித்தேன். ஆனால் ஒன்றையும் கேட்டுக்கொண்டேன். நிறுத்துவதா, தொடர்வதா என்பதைப் பாட்டியே சொல்லட்டும். அவர் கதை அவருடையது. நானும் நீங்களும் முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது செய்தி, வெட்கம். அதை நான் நன்கறிவேன். பால்மரம் சீவியவரின் பேரன் என்று சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு நாக்கு கூசுகிறது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவி, அதில் மீதம் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களைப் பற்றி நாம் ஏன் கூச வேண்டும்? இதை அவரிடம் பிரசங்கமாகச் செய்யவில்லை. பையனின் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். "கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போனது எனக்கே முழுசாத் தெரியாது டீச்சர்" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டியின் முடிவு வந்தது. மாணவன் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவந்தான்: "எழுதுறதா இருந்தா எங்கப்பா பேரச் சரியா எழுது."

பெயரைச் சரியாக எழுதுவது எப்படி? அவர் பெயர் எழுத்தில் எங்கே இருக்கிறது? குழு முழுவதும் தேடியது. பள்ளிப் பதிவேடு 1946இல் தொடங்குகிறது. அவர் 1943இலேயே போய்விட்டார். தோட்ட அலுவலகத்தின் சம்பளப் புத்தகங்கள் தோட்டம் கைமாறியபோதே காணாமற்போயின. புகைப்படம் ஒன்றும் இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படியொரு பெயர் வரிசை இல்லை.

கடைசியில் விடையைக் கண்டுபிடித்தது அம்மாணவனே. பிறந்த ஆண்டைப் பார்க்க அவன் எடுத்த அதே அடையாள அட்டை. நம் நாட்டில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் "மகள்" என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கமும் அதன்பின் தந்தையின் பெயரும் இருக்கும் அல்லவா? அவர் பெயர் இருந்த ஒரே காகிதம், அவருடைய மகளின் அட்டைதான். முதலில் அவன் ஆறு இலக்கங்களை மட்டுமே பார்த்திருந்தான். இப்போது அந்த வரியைப் படித்தான். எழுத்தர் எழுதிய ரோமன் எழுத்துகளும் பாட்டி உச்சரித்த பெயரும் சற்றே வேறுபட்டன. பாட்டி சொன்னபடி தமிழில் எழுதி, அட்டையில் உள்ளபடி அதன்கீழே எழுதி, "இரண்டும் ஒருவரே" என்று குறித்தான். பாட்டியிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்றான்.

அறிக்கை மொத்தம் ஐந்து பக்கம். கையெழுத்து, வண்ண அச்சு இல்லை. மதிப்பிடும்போது நான் நான்கு கூறுகளைப் பார்த்தேன். கேள்வி தெளிவாக உள்ளதா? எது கண்டது, எது கேட்டது, எது எழுத்திலிருந்து எடுத்தது என்று பிரித்துள்ளனரா? முரண்பாட்டை மறைக்காமல் எழுதியுள்ளனரா? உறுதியில்லாததை உறுதியில்லை என்று சொல்லியுள்ளனரா? இந்நான்காவது கூறு பிள்ளைகளுக்குப் புதிது. விடைத்தாளில் தெரியாததை வெறுமையாக விட்டுப் புள்ளி இழந்தே பழகியவர்களுக்கு, "சான்று கிடைக்கவில்லை" என்று நேர்மையாக எழுதினால் புள்ளி உண்டு என்பது நம்ப முடியாததாக இருந்தது.

இத்தகைய ஆய்வைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொல்வேன். குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் நேர்காணலில் பெரும்பாலும் பொதுச்செய்திகளே வரும். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் தம் வாழ்க்கையைப் பேசுவார்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஆனால் ஒப்புதல் பெற்ற பின்பே. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979இலேயே வாய்மொழி வரலாற்று மையத்தைத் தொடங்கிவிட்டது. அங்குள்ள நேர்காணல்களில் சிலவற்றைக் கேட்டால், கேள்வி கேட்பவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பது விளங்கும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்துள்ள பழைய "தமிழ் முரசு" இதழ்கள், மூன்றாம் பத்திக்குப் பயன்படும். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" போன்ற நாவல்களை ஆசிரியர் படித்திருப்பது நன்று. ஆனால் நாவல் அக்காலத்தை உணர உதவும், சான்றாக நில்லாது என்ற வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் செயல்திட்டத்தை நீங்கள் செய்யாதீர்கள். அவன் பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கும் நேரத்தில் தொலைக்காட்சியை மட்டும் நிறுத்தி வையுங்கள். அவன் எழுத்து கோணலாக இருக்கட்டும். பாட்டி ஒன்றைச் சொல்லும்போது, "அது அப்படி இல்ல பாட்டி" என்று இடையில் திருத்தாதீர்கள். அவர் அழுதால் பிள்ளையை அப்புறப்படுத்தாதீர்கள். நீங்களும் அருகில் அமர்ந்துகொள்ளுங்கள்.

மூத்தோரை மதிப்பது என்றால் அவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுந்து போவதுதான் என்று நாம் பழகிவிட்டோம். என் மாணவர்கள் வேறுவிதமாகச் செய்தார்கள். சொன்னது பொருந்தவில்லை என்றதும் திரும்பிப் போய் மறுபடியும் கேட்டார்கள். பெரிய பாட்டியிடம் அதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லையாம். கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன் என்றாராம்.

1938ஆம் ஆண்டுக்கான தேடல் இன்னும் முடியவில்லை. அடுத்த ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அதை எடுத்துக்கொள்வதாக இருக்கிறார்கள். நம் பழைய தோட்டப் பள்ளிகளின் புகைப்படம், மதிப்பெண் அட்டை, பள்ளி மாறும் பத்திரம் எதுவாயினும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், எறிந்துவிடாமல் உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மீண்டும் எழுதுவேன்.